24 முட்டையில் 7 குஞ்சு: ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாவது ஏன், வாத்து முட்டையைச் சேர்த்து வைப்பது எப்படி

கேள்வி இது. வீட்டில் செய்த தெர்மாகோல் பெட்டியில் 24 கோழி முட்டை அடை வைத்ததில் 7 குஞ்சுதான் வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் 5 முட்டையில் கருவே இல்லை, 3 முதல் வாரத்திலேயே நின்றுபோனவை, 9 முட்டையில் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கிறது. வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரம் குறைந்துவிடக் கூடாதென்று முதல் நாளிலிருந்தே இரண்டு கிண்ணம் தண்ணீர் வைத்து ஈரப்பதம் 70 சதவீதம். எங்கே தப்பு? அடுத்த முறை வாத்து முட்டையையும் இதே பெட்டியில் வைக்கலாமா?

உடைத்துப் பார்த்து எண்ணி வைத்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பொரிக்காத முட்டையை அப்படியே குழியில் கொட்டி மூடினால் அடுத்த முறையும் அதேதான் நடக்கும். உங்களுக்கு 17 முட்டை போனது ஒரே காரணத்தால் அல்ல. கரு இல்லாத 5 முட்டை சேவல் பக்கத்து விஷயம். முதல் வாரத்தில் நின்ற 3 முட்டை பெரும்பாலும் நாள்பட்ட முட்டை, குலுங்கிய முட்டை, அல்லது தொடக்கத்தில் வெப்பம் ஏறி இறங்கியதன் விளைவு. 24-க்கு 3 என்பது நல்ல மெஷினிலும் வரக்கூடிய இழப்புதான். வளர்ந்து செத்த 9 தான் உங்கள் உண்மையான நஷ்டம். அந்தக் குஞ்சுகள் செத்தது கடைசி மூன்று நாளில். ஆனால் அதற்கான காரணம் முதல் 18 நாளில், அந்த இரண்டு கிண்ணம் தண்ணீரில் இருக்கிறது.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அடைகாலம் முழுக்க அவற்றின் வழியே உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் காலியாகும் இடம்தான் அகன்ற முனையில் காற்றறையாக விரிகிறது. 18-ம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் முட்டையின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி காற்றறை தெரிய வேண்டும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன்பே உள்சவ்வைக் குத்தி, வாழ்க்கையின் முதல் மூச்சை இழுப்பது இந்த அறையிலிருந்துதான். பெட்டிக்குள் 70 சதவீத ஈரம் இருந்தால் முட்டைக்குள் இருக்கும் நீர் வேண்டிய அளவுக்கு வெளியேறாது. காற்றறை சின்னதாகவே நிற்கும். குஞ்சு உடம்பு ஊதி, திரும்ப இடமில்லாமல் கிடக்கும். மூச்சு இழுக்கிற நேரத்தில் காற்று போதாமலோ, தேங்கிய நீரில் மூழ்கியோ சாகும். உடைத்த முட்டைகளில் குஞ்சு கொழகொழவென்று ஈரமாக, வயிறு உப்பி, பக்கத்தில் பிசின் போன்ற திரவத்தோடு இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மாறாகச் சவ்வு காய்ந்து, பழுப்பேறி, குஞ்சின் மேல் தோல் போல ஒட்டிக்கொண்டிருந்தால் அது கடைசி நாட்களில் ஈரம் போதாததன் அடையாளம். மூடியை அடிக்கடி திறந்தாலும் இதுவே வரும்.

அதனால் அடுத்த முறை ஈரப்பத எண்ணைத் துரத்தாதீர்கள், முட்டையின் எடையைப் பாருங்கள். கோழி முட்டை 18-ம் நாளுக்குள் ஏறக்குறைய 12 சதவீத எடையை இழந்திருக்க வேண்டும்; 11-லிருந்து 13 வரை நல்லது. வாத்து முட்டை 25-ம் நாளுக்குள் 12 முதல் 14 சதவீதம். சமையலறைத் தராசு போதும். ஒரு கிராம் துல்லியம் தனி முட்டைக்குப் போதாது என்பதால் மொத்தமாக எடை போடுங்கள். தலா 55 கிராம் வீதம் 12 முட்டை 660 கிராம் என்று வையுங்கள். 18 நாளில் போக வேண்டியது 79 கிராம், ஆறு நாளுக்கு 26 கிராம். 6-ம் நாள் தராசு 634-ஐ ஒட்டிக் காட்டினால் அப்படியே விடுங்கள். 645 காட்டினால் ஈரம் அதிகம், தண்ணீரை எடுத்துவிடுங்கள். 620 காட்டினால் வேகமாகக் காய்கிறது, ஒரு கிண்ணம் சேருங்கள். 12-ம் நாள் மறுபடி பாருங்கள். வைக்கும்போதே ஒவ்வொரு முட்டையின் எடையையும் அதன் ஓட்டில் பென்சிலால் எழுதிவிடுங்கள். நடுவில் கெட்ட முட்டையை எடுத்தால் அதன் தொடக்க எடையை மொத்தத்தில் கழித்துக் கணக்கைத் தொடரலாம். பேனா, மார்க்கர் வேண்டாம். மை துளை வழியே உள்ளே போகும்.

எண்ணாகச் சொல்வதென்றால், காற்றாடி உள்ள பெட்டியில் முதல் 18 நாளுக்கு 40 முதல் 50 சதவீதம். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவைப்படாமல் போகலாம், பயப்பட வேண்டாம். ஈரத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் ஆழம் அல்ல, தண்ணீரின் பரப்பு. குறுகிய டம்ளர் நிறைய ஊற்றுவதை விட அகலமான தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் அதிக ஈரம் தரும். ஈரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சின்ன வாய்ப் பாத்திரத்துக்கு மாறுங்கள். காற்றுத்துளையை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள்.

உங்கள் மீட்டர் காட்டிய 70 உண்மையில் 70 தானா என்பதும் தெரியாது. மலிவான டிஜிட்டல் ஈரமானிகள் 10 புள்ளி வரை பிசகுவது சாதாரணம். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரையாமல் களிபோல் ஆக்குங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் சேர்த்து மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் 6 அதிகமாகச் சொல்கிறது என்று மீட்டர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். தெர்மாமீட்டருக்கு இன்னும் சுலபம்: காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியில் வைப்பதையும் 38 டிகிரி அளவு வெந்நீர் உள்ள டம்ளரில் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். அரை டிகிரிப் பிசகு சின்ன விஷயம் அல்ல. தொடர்ந்து ஒரு டிகிரி குறைந்தால் குஞ்சு ஒன்றிரண்டு நாள் தாமதமாக, சோர்ந்து வரும். ஒரு டிகிரி கூடினால் 19, 20-ம் நாளே அவசரப்பட்டு, தொப்புள் மூடாமல், விரல் வளைந்து வரும். உங்கள் 7 குஞ்சும் எந்த நாளில் வந்தன என்று நினைவிருந்தால் தெர்மாமீட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

37.5 என்பது காற்றாடி உள்ள பெட்டிக்கான எண். காற்றாடி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக அடுக்கு அடுக்காக நிற்கும். அங்கே முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். அதோடு வாத்து முட்டை உயரமானது. ஒரே தட்டில் கோழி முட்டைக்குச் சரியான வெப்பம் வாத்து முட்டையின் உச்சிக்குக் கூடுதலாகிவிடும். எனவே இரண்டையும் சேர்த்து வைப்பதென்றால் காற்றாடி கட்டாயம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 12 வோல்ட் காற்றாடியே போதும்; காற்று நேரே முட்டை மேல் அடிக்காமல் பக்கச் சுவரை நோக்கி வையுங்கள்.

பெட்டியில் பலர் கவனிக்காமல் விடுவது தெர்மோஸ்டாட்டின், அதாவது வெப்பத்தைப் பார்த்துப் பல்பை எரியவிட்டு அணைக்கும் கருவியின், அமைப்பு. டபிள்யூ 1209 என்ற சின்ன போர்டு வைத்திருந்தால், அது வரும்போதே குளிரூட்டும் முறையில், 2 டிகிரி இடைவெளியோடு இருக்கும். அப்படியே மாட்டினால் ஒன்று பல்பு தலைகீழாக வேலை செய்யும், அல்லது வெப்பம் 35-க்கும் 38-க்கும் ஊஞ்சலாடும். அதன் அமைப்புகளில் பி0-வை எச், அதாவது சூடாக்கும் முறை, என்று மாற்றுங்கள், இடைவெளியைக் குறிக்கும் பி1-ஐ 0.2 ஆக்குங்கள், தெர்மாமீட்டரோடு வரும் வித்தியாசத்தை பி4-ல் சரி செய்யுங்கள். சென்சார் முனை முட்டையின் உயரத்தில், பல்பின் வெளிச்சம் நேரே படாத இடத்தில் இருக்கட்டும். ஒரே பெரிய பல்புக்குப் பதில் இரண்டு 25 வாட் இழை பல்பை இணையாக மாட்டினால் ஒன்று பியூஸ் போனாலும் மற்றது தாக்குப்பிடிக்கும். எல்இடி பல்பில் இதற்குப் போதுமான சூடு கிடைக்காது. தெர்மாகோல் 100 டிகிரிக்கு முன்பே இளகும், தீயும் பிடிக்கும். பல்புக்கும் சுவருக்கும் ஒரு கை அகலம் இடம் விட்டு, நடுவில் தகடு வையுங்கள். மெயின் வயர் இணைப்பைத் தெரிந்தவரிடம் செய்யச் சொல்லுங்கள். ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. முட்டை வைப்பதற்கு முன் பெட்டியை ஒரு நாள் முழுக்க வெறுமனே ஓட்டி, பகலிலும் இரவிலும் வெப்பம் நிற்கிறதா என்று பாருங்கள்.

இனி முட்டை. கரு இல்லாத 5 முட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இரண்டாம் நாளே நின்றுபோன முட்டையும் டார்ச்சில் கரு கூடாதது போலத்தான் தெரியும். உடைத்து மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். கரு கூடாததில் அது ஒழுங்கற்ற ஓரத்தோடு, அடர்த்தியான சின்னப் பொட்டாக இருக்கும். சேவல் மிதித்ததில் வட்டத்துக்குள் வட்டமாக, சற்றே பெரியதாக, வளையம் போலத் தெரியும். பொட்டு என்றால் சேவலைப் பாருங்கள்: 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல், வாத்தில் 4 முதல் 6 பெட்டைக்கு ஓர் ஆண். வளையம் என்றால் முட்டையைச் சேர்த்து வைத்த விதத்தைப் பாருங்கள்.

முட்டையை 7 நாளுக்குள் அடை வைப்பது நல்லது, 10 நாள் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு சரியும். 15 முதல் 18 டிகிரி உள்ள குளுமையான இடத்தில், கூர்முனை கீழே இருக்க வையுங்கள். ஃப்ரிட்ஜின் குளிர் அதிகம். சூடான அறையில் வைப்பதும் கெடுதல்: 21 டிகிரியைத் தாண்டினால் கரு மெல்ல வளரத் தொடங்கும், இரவில் குளிர்ந்தால் நிற்கும், மறுநாள் திரும்ப வளரும். அப்படி நாலு நாள் தள்ளாடிய கருதான் பெட்டிக்குள் போய் மூன்றாம் நாள் செத்து, சிவப்பு வளையமாகத் தெரிகிறது. உங்கள் 3 முட்டைக்கு இது காரணமாக இருக்கலாம்.

ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, உருண்டையானது, சொரசொரப்பானது, மயிரிழை விரிசல் உள்ளது எதையும் எடுக்காதீர்கள். கழுவ வேண்டாம், ஓட்டின் மேல் உள்ள மெல்லிய பூச்சுதான் கிருமிக்குத் தடை. வாத்து சேற்றோடு வந்து முட்டையிடும், அதனால் வாத்து முட்டையில் இது பெரிய தலைவலி. தினமும் இரண்டு வேளை புது வைக்கோல் போட்டு, விடிந்ததும் முட்டையை எடுத்துவிடுவதே சிறந்த வழி. ஒட்டிய அழுக்கைக் காய்ந்த சொரசொரப்புத் துணியால் தேய்த்து எடுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையை விடச் சூடான தண்ணீர் மட்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். அப்படிக் கிருமி புகுந்த முட்டை மூன்றாம் வாரத்தில் பெட்டிக்குள்ளேயே வெடித்து, மற்ற முட்டைகளையும் கெடுத்துவிடும்.

இப்போது வாத்து முட்டையைச் சேர்ப்பது. தாராளமாகச் செய்யலாம், கணக்கு அழகாக ஒத்துப்போகும். கோழிக்கு 21 நாள், சாதாரண வாத்துக்கு 28 நாள். வாத்து முட்டையை முதலில் வையுங்கள், சரியாக ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையை. வாத்துக்கு 25-ம் நாள் வரும்போது கோழிக்கு 18. இரண்டுக்கும் அன்றே திருப்புவதை நிறுத்தி, அன்றே ஈரத்தை ஏற்றி, மூன்று நாள் மூடி வைக்கலாம். நாள் எண்ணும்போது வைத்த நாள் பூஜ்யம். 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒன்று. மணிலா வாத்து என்கிற மஸ்கோவி மட்டும் வேறு ஜாதி, அதற்கு 35 நாள். அதைச் சேர்த்தால் கோழிக்கு 14 நாள் முன்பே வைக்க வேண்டும்.

நாள் தள்ளித் தள்ளி, கிடைக்கிற முட்டையை எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு கூட்டம் பொரிக்கும்போது வேண்டிய ஈரம் இன்னொரு கூட்டத்தை மூழ்கடிக்கும். சிலர் இதற்குத் தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். இரண்டாவது பெட்டி இருந்தால் அதைப் பொரிப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

சேர்ந்து இருக்கும் நாட்களில் 45 முதல் 50 சதவீதம் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் எடையைத் தனித்தனியாகப் பாருங்கள். 70 கிராம் வாத்து முட்டை 12 என்றால் 840 கிராம். 25 நாளில் போக வேண்டியது ஏறக்குறைய 109 கிராம், வாரத்துக்கு 30 கிராம். வாத்து முட்டையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் திருப்புவது நல்லது.

வாத்து முட்டைக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும்: ஆற வைத்தல். தாய் வாத்து இரை தேடவும் குளிக்கவும் எழுந்து போய், நனைந்த இறகோடு வந்து உட்காரும். எட்டாம் நாளிலிருந்து 24-ம் நாள் வரை தினம் ஒரு முறை வாத்துத் தட்டை வெளியே எடுத்து, தொடக்கத்தில் ஐந்து நிமிடம், பிறகு 10 முதல் 15 நிமிடம் ஆற விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைப் புகைபோல லேசாகத் தெளித்து உள்ளே வையுங்கள். முட்டையை மூடிய கண்ணிமை மேல் வைத்துப் பாருங்கள். சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருந்தால் போதும், உள்ளே வைத்துவிடலாம். வாத்துக் கரு பெரியது, முட்டையில் கொழுப்பும் அதிகம். இரண்டாம் பாதியில் முட்டையே சூட்டைக் கிளப்பும். முட்டை நெருக்கமாக உள்ள பெட்டியில் தெர்மோஸ்டாட் 37.5 காட்டும்போது முட்டைக்குள் அதைத் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தில்தான். கோழி முட்டைக்கு இப்படி ஆற வைப்பது தேவையில்லை, அந்தப் பத்து நிமிடத் திறப்பால் கெடுதலும் இல்லை.

திருப்புவதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்து. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவுப் பொழுது ஒரே பக்கத்துக்கே விழாமல் மாறி மாறி வரும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு வையுங்கள். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாமல், போன வழியே திருப்பி வாருங்கள். முதல் வாரத்தில் திருப்பாமல் விட்டது பிறகு எவ்வளவு திருப்பினாலும் ஈடாகாது: கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும், ரத்தக் குழாய்கள் ஓடு முழுக்கப் பரவாமல் குறைந்துவிடும், வெள்ளைக்கரு முழுதாகச் செலவாகாது. 18-ம் நாளுக்குப் பிறகு செத்த குஞ்சின் பக்கத்தில் கெட்டியான வெள்ளைக்கரு மிச்சமிருந்தால் அது திருப்பாததன் அடையாளம்.

டார்ச் வெளிச்சம் ஏழாம் நாள், 14-ம் நாள், மூடி வைக்கும் நாள் என மூன்று முறை போதும். இருட்டறையில் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். ஏழாம் நாள் நல்ல முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்தி போலக் காலை விரித்துக்கொண்டு, நடுவில் கரும்புள்ளி ஒன்று துடித்துக்கொண்டு தெரியும். ஒரு நொடி முட்டையை அசைக்காமல் பிடித்தால் அந்தப் புள்ளி தானாக நகர்வதைப் பார்க்கலாம். வெளிறிய மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கரு இல்லை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் செத்தது. சந்தேகமானதை ஒரு கேள்விக்குறி போட்டு 10-ம் நாள் வரை விடுங்கள். ஒவ்வொரு முட்டையையும் மோந்து பாருங்கள். லேசாக நாற்றமடித்தாலோ ஓட்டில் பிசின் போலக் கசிந்தாலோ தயங்காமல் வெளியே எடுங்கள்.

மூடி வைக்கும் நாளில் தட்டில் சொரசொரப்பான துணியையோ ரப்பர் வலை விரிப்பையோ போட்டு, முட்டைகளைப் படுக்க வையுங்கள். வழுக்கும் காகிதத்தில் பிறக்கிற குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். ஈரத்தை 65 முதல் 70-க்கும், வாத்து இருந்தால் 70 முதல் 75-க்கும் ஏற்றுங்கள். முன்பு நீங்கள் வைத்த 70 இப்போதுதான் வேண்டும். காற்றுத்துளைகளை முழுதாகத் திறந்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு ஜீவன் மூச்சு விடுகிறது. தண்ணீரை வெளியிலிருந்து ஒரு டியூப் வழியாக ஊற்ற ஏற்பாடு செய்துகொண்டால் மூடியைத் திறக்க வேண்டியிருக்காது.

உள்ளே நடப்பது தெரிந்தால் பொறுமை வரும். கோழிக் குஞ்சு 19, 20-ம் நாளில் காற்றறைச் சவ்வைக் குத்தும். முட்டையைக் காதருகில் வைத்தால் கீச்சென்ற சத்தம் கேட்கும். அந்தச் சின்ன அறையில் கரியமில வாயு ஏற ஏறக் குஞ்சின் கழுத்துத் தசை துடிக்கத் தொடங்கி, அலகு நுனியில் இருக்கும் வெள்ளைப் பல் ஓட்டில் மோதும். முதல் விரிசல் நட்சத்திரம் போல விழும். அதன் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பலருக்கும் கை பரபரப்பது இங்கேதான். வெளியே அசைவில்லாத அந்த நேரத்தில் குஞ்சு நுரையீரலால் மூச்சு விடப் பழகுகிறது, ஓட்டை ஒட்டிய ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்ச மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே வயிற்றுக்குள் வாங்குகிறது. இவை முடிந்ததும் தானே வட்டமாகச் சுற்றி ஓட்டை வெட்டி, மூடியைத் தள்ளி வெளியே வரும். முதல் விரிசலிலிருந்து கோழிக்கு 12 முதல் 24 மணி நேரம், வாத்துக்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும். கோழிக் கணக்கில் வாத்தை அவசரப்படுத்தி எத்தனையோ நல்ல குஞ்சுகளை ரத்தம் கசியச் சாகடித்திருக்கிறார்கள்.

உதவி தேவைப்படுவது அபூர்வம். விரிசல் விட்டுக் கோழிக்கு 24 மணி நேரமும் வாத்துக்கு 48 மணி நேரமும் தாண்டி, முன்னேற்றமே இல்லை என்றால் மட்டும் கை வையுங்கள். விரிசலைச் சுற்றி ஓட்டைக் கொஞ்சம் பெயர்த்து, உள்ளே தெரியும் வெள்ளைச் சவ்வை வெதுவெதுப்பான தண்ணீர் தொட்ட பஞ்சால் ஈரமாக்குங்கள். சவ்வு கண்ணாடி போலாகும். அதில் சிவப்பு நரம்பு தெரிந்தால் அப்படியே நிறுத்தி, முட்டையைத் திரும்ப உள்ளே வைத்து, ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அலகு மெல்வது போலத் திறந்து மூடினால் குஞ்சு இன்னும் மஞ்சள் கருவை வாங்கிக்கொண்டிருக்கிறது, தொடாதீர்கள். நரம்பு வெளுத்துப்போயிருந்தால் தலைப்பக்க ஓட்டை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைக் குஞ்சே உதைத்துத் தள்ளட்டும். கூர்முனையில் விரிசல் விட்ட குஞ்சு தலை மாறிக் கிடக்கிறது. அங்கே காற்றறை இல்லை என்பதால் அதன் விரிசலை மூச்சுக்கு வழியாக முன்பே சற்று அகலப்படுத்துங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல் பெட்டியைப் போர்வையால் மூடுங்கள், காற்றுத்துளையை மட்டும் விட்டு. இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நீண்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே ஓரமாக வையுங்கள். கடைசி வாரத்தில் நிலைமை வேறு: முட்டைகளே சூடு தருவதால் குளிர்வதை விட, காற்றாடி நின்று மூச்சு முட்டுவதே பெரிய ஆபத்து. குளிரை விடச் சூடு எப்போதும் கொடியது. 40.5 டிகிரி அரை மணி நேரம் நீடித்தாலே கரு கடுமையாகப் பாதிக்கப்படும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொண்டு பல்பு அணையாமல் எரிவதுதான் வீட்டுப் பெட்டியில் மொத்த முட்டையையும் அழிக்கும் விபத்து, 38.5-ல் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட்டைத் தொடரிணைப்பில் மாட்டி வையுங்கள்.

வந்த குஞ்சு உள்ளேயே காய்ந்து பஞ்சாகட்டும். வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருப்பதால் ஒரு நாள் தீனியில்லாமல் ஒன்றும் ஆகாது. பிறகு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைப்பு. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. கோழிக் குஞ்சையும் வாத்துக் குஞ்சையும் ஒரே இடத்தில் வளர்க்காதீர்கள். வாத்து தண்ணீரை எங்கும் இறைக்கும், நனைந்த கோழிக் குஞ்சு விறைத்துச் சாகும். வாத்துக்கு மூக்குத்துளை முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும், நீந்தும் அளவுக்கு வேண்டாம். கோழித் தீனி மட்டும் கொடுத்தால் நியாசின் என்ற வைட்டமின் போதாமல் வாத்தின் கால் வளையும். ஈஸ்ட் தூள் கலந்து கொடுங்கள்.

கோழி முட்டையை 23-ம் நாள் வரை, வாத்து முட்டையை 30-ம் நாள் வரை விட்டுப் பாருங்கள். பிறகு மிஞ்சியதை வெளியே எடுத்து, டார்ச் அடித்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அகன்ற முனையிலிருந்து உடையுங்கள். குஞ்சு காற்றறையைக் குத்தியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம், சவ்வு ஈரமா காய்ந்ததா, வெள்ளைக்கரு மிச்சமா என்ற நாலையும் ஒவ்வொரு முட்டைக்கும் எழுதுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியைத் துடைத்து, வெயிலில் காய வைத்துவிட்டு அடுத்த முட்டைகளை எடை போடத் தொடங்கலாம்.